லில்லிபாய் பிளக்கைக் கழற்றலாம்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்குப் போன் செய்தார். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். திற்பரப்பைத் தாண்டி மலைப்பக்கம் இருக்கிற கிளினிக்கில் ரவுட்டர் மாற்றப் போயிருக்கிறார். ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒரு பழைய பேப்பர் ஒட்டியிருக்கிறது. "இடி வெட்டினால் லில்லிபாய் பிளக்கைக் கழற்றலாம்" என்று கையால் எழுதி, கீழே என் கையெழுத்து.

"மேடம், இது என்ன கூத்து? ரவுட்டர் ரூம்ல இப்பிடியா எழுதி வைப்பாவ? கிழிச்சுப் போட்டுரட்டா?" என்று சிரித்தார்.

கிழிக்காதே மக்கா, ஏன் என்று எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒருவருக்கு எழுதுவதை எல்லாருக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது. அதனால் நம் நெட்வொர்க் ஆபீசுக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் எல்லாருமே இதை வாசியுங்கள்.

ரவுட்டரில் வழி எழுதுவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு உங்களிடம் வீடியோ இருக்கிறது, சர்ட்டிபிகேட் இருக்கிறது, என்னைவிட வேகமான விரல் இருக்கிறது. வடசேரி மார்க்கெட் பக்கம் மாடியில் இருக்கிற நம் ஆபீசில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். நான் சேர்ந்தபோது அங்கே நான் ஒருத்திதான் பெண். ஏணியில் ஏறினால் கீழே நாலு பேர் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். அதனாலேயே எனக்கு வாய் கொஞ்சம் கூடிப்போனது. யாராவது ஏதாவது சொல்வதற்குள் நான் முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இந்தக் கதையில் அந்த வாய்க்கும் பங்கு இருக்கிறது.

வீட்டில் என் வேலை என்ன என்று கேட்டால் இப்படித்தான் சொல்வேன். தெரியாத ஊருக்கு ஒருவர் போக வேண்டும் என்றால் "முதல்ல வடசேரிக்குப் போ, அங்க போய் கேட்டுக்கோ" என்கிறோம் அல்லவா, அது டீஃபால்ட் ரூட். இன்ன ஊருக்கு இன்ன பஸ் என்று சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால் அது ஸ்டாட்டிக் ரூட். போவதற்கு வழி இருந்தால் மட்டும் போதாது, பதில் திரும்பி வருவதற்கும் வழி எழுதியிருக்க வேண்டும். இதை நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன்.

நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அதற்கு மாவட்டத்தில் அங்கங்கே ஐந்து கிளினிக். ஐந்தையும் ஆஸ்பத்திரியோடு இணைத்தது நாங்கள்தான். கிளினிக்குகளில் டாக்டர் காலையில் மட்டும் இருப்பார். மத்தியானத்துக்குமேல் ஒரு நர்சும் ஒரு துப்புரவுப் பணியாளரும்தான். நெஞ்சுவலி என்று யாராவது வந்தால் நர்ஸ் இ.சி.ஜி. எடுத்து லிங்க் வழியாக ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார். மலைப்பக்கத்துக் கிளினிக்கில் மொபைல் சிக்னல் கிடையாது. ரோடு வளைவு வரைக்கும் நடந்து போனால் ஒன்றிரண்டு கட்டை ஏறும். லேண்ட்லைன் ஒன்று உண்டு.

அந்தக் கிளினிக்கில் லிங்க் போட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, ஒருநாள் சாயங்காலம் முழுசாகப் படுத்துவிட்டது. மறுநாள் காலையில் வடசேரியில் குலசேகரம் பஸ்சைப் பிடித்து, அங்கிருந்து ஆட்டோ வைத்துப் போய்ச் சேர்ந்தேன். லேப்டாப்பை ரவுட்டரில் மாட்டினேன். ஒரு நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. முதல் தடவை வந்தபோது வழிகளை எல்லாம் எழுதிவிட்டு, சேவ் செய்யாமல் போயிருக்கிறேன். கரண்ட் இருந்தவரைக்கும் ரவுட்டர் நினைவில் வைத்திருந்தது. கரண்ட் போய் வந்ததும் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. தப்பு முழுக்க முழுக்க என்னுடையது.

ஆனால் என் பின்னால் நர்ஸ் ஷைனி நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், துடைப்பத்தைப் பிடித்தபடி என் வயதுக்கார அம்மா ஒருத்தி. நான் திரும்பி என்ன கேட்டேன் தெரியுமா?

"யாரு பிளக்கைக் கழட்டினது?"

"நான்தான் மேடம் ஊரினது" என்றாள் அந்த அம்மா. மேற்குப் பக்கத்தில் கழற்றுவதை ஊருவது என்பார்கள். "நேத்து இஞ்ச பயங்கர இடியாக்கும். இடி வெட்டினா எங்க பக்கத்துல டிவி, பிரிட்ஜு, எல்லாத்துக்க பிளக்கையும் ஊரிப் போடுவோம். போன வருஷம் அடுத்த வீட்டுத் தென்னையில விழுந்து, மீட்டர் பெட்டி வரைக்கும் எரிஞ்சு போச்சு. இது வெல கூடின சாமானம்லா, எரிஞ்சு போச்சுன்னா என்ன செய்யன்னுதான்..."

அவள் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. அந்த மலைப்பக்கத்தில் மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் வீடு வீடாகப் பிளக் கழன்றுவிடும். நானும் இந்த மாவட்டத்துக்காரிதான், எனக்கும் தெரியும். இருந்தும் பிடிபிடி என்று பிடித்தேன்.

"டிவியும் ரவுட்டரும் உனக்கு ஒண்ணாம்மா? யாரைக் கேட்டுக் கழட்டின? உன்னால ஒரு நாள் பூரா கிளினிக் படுத்துப்போச்சு. படிச்சவங்க வச்சிருக்க சாமானத்துல இனிமே கை வச்சே, நடக்கது வேற!"

"செரி மேடம்" என்று சொல்லிவிட்டுப் போய், எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். அதை நான் குடிக்கவும் செய்தேன். அவள்தான் லில்லிபாய்.

கோபம் வந்த மாதிரி நடித்தால் நிஜமாகவே கோபம் வந்துவிடும். அந்தக் கோபத்தோடேயே டீஃபால்ட் ரூட்டை எழுதினேன். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் திறந்தது, சேவ் செய்தேன். பிறகு ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, "யாரும் தொடக்கூடாது, பிளக்கைக் கழற்றக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன். பஸ்சுக்கு நேரமாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு என்று தனியாக எழுத வேண்டிய ஸ்டாட்டிக் ரூட் ஒன்று இருந்தது. மற்ற நாலு கிளினிக்கிலும் எழுதியிருந்தேன், இங்கே விட்டுப்போனது. பேப்பர் ஒட்ட நேரம் இருந்தது, அந்த ஒரு வரி எழுத நேரம் இல்லை. டீஃபால்ட் இருந்ததால் எல்லாம் ஓடியது, யாருக்கும் குறை தெரியவில்லை.

ஆபீசுக்கு வந்து ரிப்போர்ட் எழுதினேன். "ஊழியர் மின் இணைப்பைத் துண்டித்ததே காரணம்." ஒரே வரி. ஆஸ்பத்திரியில் அதைப் பைலில் வைத்து, லில்லிபாயிடம் இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்களாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் அன்றைக்கு நான் ஒன்றும் செய்திருக்க மாட்டேன்.

நாலைந்து மாதம் கழிந்தது. ஐந்து கிளினிக்குக்கும் ஃபைபர் வந்தது. பழைய ரேடியோ லிங்க்கிலிருந்து புதிய ஃபைபருக்கு டீஃபால்ட் ரூட்டை மாற்ற வேண்டும். ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் வழியாக உள்ளே நுழைந்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யலாம். முதல் கிளினிக்கில் பழையது இருக்கும்போதே புதியதையும் எழுதினேன். பாதி இந்த வழி, பாதி அந்த வழி என்று போய்க் குழம்பியது. அதனால் அடுத்த மூன்றிலும் வரிசையை மாற்றி, பழையதை முதலில் எடுத்துவிட்டுப் புதியதை எழுதினேன். வெண்ணெய் மாதிரி வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு என்று தனி ஸ்டாட்டிக் ரூட் அங்கெல்லாம் இருந்ததால்தான் என் பிடி அறுந்துபோகாமல் நின்றது என்று அப்போது நான் யோசித்துப் பார்க்கவில்லை. எனக்குக் கைராசி என்றே நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது, மலைப்பக்கத்துக் கிளினிக். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பழைய டீஃபால்ட்டை எடுத்தேன். திரை அப்படியே நின்றுவிட்டது. எதைத் தட்டினாலும் அசையவில்லை. நான் அனுப்புவது அங்கே போகிறது. எனக்குப் பதில் சொல்ல அந்த ரவுட்டருக்கு வழி இல்லை. இருந்த ஒரே வழியை நான்தான் என் கையால் அழித்திருக்கிறேன்.

தப்பு செய்த அந்த நிமிடத்தில் கை பரபரக்கும். ஒன்றும் செய்யாதீர்கள். கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, எது போயிருக்கிறது, எது மிச்சம் இருக்கிறது என்று மட்டும் யோசியுங்கள். எனக்கு மிச்சம் இருந்தது ஒன்றுதான். அழித்ததை நான் சேவ் செய்யவில்லை. ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால் பழைய வழி தானாகத் திரும்பி வந்துவிடும். முதல் தடவை சேவ் செய்யாமல் கெட்டேன், இந்தத் தடவை சேவ் செய்யாததால் தப்பிக்கலாம். லேண்ட்லைனுக்கு அடித்தேன்.

"கிளினிக்காக்கும். ஆரு பேசுகது?"

"நான் நாகர்கோவில்ல இருந்து, நெட்வொர்க் மேடம். ஷைனி எங்க?"

"சிஸ்டர் உள்ள நிக்காவ. நான் லில்லிபாய். பால் வெட்டுக ஒரு அண்ணன நெஞ்சுவலின்னு கொண்டு வந்திருக்காவ மேடம். நல்லா வேர்த்துக் கெடக்காரு. படம் எடுத்தாச்சு, அனுப்பினா போவல்ல. நெட்டு போச்சா மேடம்?"

பால் வெட்டுவது என்றால் ரப்பர்ப் பால். அந்தப் பக்கத்து ஆண்கள் பாதிப் பேருக்கு அதுதான் வேலை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"லில்லிக்கா, ஒரு உபகாரம் செய்யணும். ஸ்டோர் ரூம்ல ரவுட்டர் இருக்குல்லா, அதுக்க பிளக்கை ஊரிட்டு, பத்து எண்ணிட்டு, திரும்ப மாட்டுங்க."

"நான் தொட மாட்டேன்" என்றாள்.

"அக்கா, நானாக்கும் சொல்லுகேன்."

"இப்ப அக்காவா?" என்றாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டாள். "மேடம்தான தொடப்பிடாதுன்னு எழுதி ஒட்டினிய? எனக்க பேரு ஆஸ்பத்திரி பைல்ல வேற இருக்கு. வெளிய இடி முழங்குகு. இப்ப நான் ஊரினா, லில்லி மறுபடியும் இடிக்குப் பயந்து ஊரிட்டான்னுதான் சொல்லுவாவ. எனக்கு இந்தச் சோலி வேணும் மேடம். எனக்க மோளு நர்சிங் ரெண்டாம் வருஷம் படிக்கா."

"யாரு கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க. நான் பொறுப்பு."

"மேடம் பொறுப்பா?"

"நான் பொறுப்பு அக்கா. அந்த அண்ணனுக்கு நேரம் போவுது."

ரிசீவரை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம் தூரமாகப் போனது. பிறகு, ஸ்டோர் ரூமிலிருந்து அவள் சத்தமாக எண்ணுவது கேட்டது. ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு சொல்லும்போது ஷைனி கத்தினாள். "லில்லிக்கா! என்ன செய்யிய? ஏன் பிளக்கைப் பிடிச்சிட்டு நிக்கிய?" இவள் பதில் சொல்லாமல் எட்டு, ஒம்பது, பத்து என்று எண்ணி முடித்துவிட்டுத்தான் மாட்டினாள்.

ரவுட்டர் எழுந்துவர நாலு நிமிடம் ஆகும். அந்த நாலு நிமிடத்தில் எங்கள் ஊர் தாணுமாலயனிலிருந்து நாகராஜா வரைக்கும் ஒரு சாமியையும் நான் விட்டுவைக்கவில்லை. லிங்க் வந்தது. படம் போனது. ஆஸ்பத்திரி டாக்டர் போனிலேயே மருந்தைச் சொல்லி, உடனே வண்டியில் ஏற்றச் சொன்னார். மொத்தம் இருபது நிமிடம் வீணாகியிருந்தது. அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். அவருக்கு ஆயுசு கெட்டி. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

இதோடு கதை முடிந்திருந்தால் உங்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி எனக்குப் போன் செய்தார். தன்மையான மனிதர். "மேடம், நேத்து கிளினிக்ல இருபது நிமிஷம் லிங்க் இல்ல. அந்த லில்லிபாய் கையில பிளக்கோட நின்னதை நர்ஸ் பாத்திருக்கு. கேட்டா, நீங்க போன்ல ஊரச் சொன்னியன்னு சொல்லுகா. சொன்னியளா?"

எனக்கு எதிரே எங்கள் முதலாளி உட்கார்ந்திருந்தார். நாங்கள் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்போம். அந்த மாதம்தான் ஆஸ்பத்திரி காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிற மாதம். நான் சொன்னேன்: "ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆயிருக்கு சார். அதுனால பழைய லாக் ஒண்ணும் அதுல இல்ல. பாத்துச் சொல்லுகேன்."

மூன்று வாக்கியம். மூன்றிலும் ஒரு வார்த்தை பொய் இல்லை. கரண்ட் போனதால் ரவுட்டரில் இருந்த குறிப்பெல்லாம் அழிந்துவிட்டது, நான் என்ன செய்தேன் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது. மிச்சம் இருந்தது லில்லிபாய் கையில் இருந்த பிளக்கும், வெளியே முழங்கிய இடியும், பைலில் இருந்த என் பழைய ரிப்போர்ட்டும்தான். முதல் இடிக்கே கழற்றியிருப்பாள், பயத்தில் சரியாக மாட்டியிருக்க மாட்டாள், அதைச் சரிசெய்யும்போது மாட்டிக்கொண்டாள் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். மாதக் கடைசியோடு அவளை நிறுத்திவிடுவது என்றும் முடிவாகிவிட்டது.

"நீ ஒண்ணும் சொல்லாண்டாம் கேட்டியா" என்றார் அண்ணாச்சி. "நாம பொய் சொல்லலியே. சும்மா இருக்கோம், அவ்வளவுதான்." அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ஆறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற மனிதர், அந்தப் பயம் அவருக்கு.

எனக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றெல்லாம் எழுதினால் அது பொய். நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். பார்த்துச் சொல்கிறேன் என்றுதானே சொன்னோம், இல்லை என்று சொல்லவில்லையே என்று இரண்டு நாள் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஆபீசுக்குப் போன் வந்தது.

"மேடம், கிளினிக்ல இருந்து லில்லிபாயாக்கும். இஞ்ச இடி தொடங்கியாச்சு. பிளக்க ஊரட்டா, வேண்டாமா?"

சண்டைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் வாயைத் தயாராக வைத்திருந்தேன். "உங்கள வேலைய விட்டு நிப்பாட்டிட்டதா..." என்று இழுத்தேன்.

"மாசக் கடசி வரைக்கும் வரச் சொல்லியிருக்காவ. இருக்கது வரைக்கும் சோலிய ஒழுங்காச் செய்யாண்டாமா? பெட்டி எரிஞ்சு போச்சுன்னா அடுத்தாப்புல நெஞ்சுவலின்னு வாறவனுக்கு என்ன செய்ய மேடம்?"

"அக்கா, நான்தான் சொன்னேன்னு அவங்கட்ட நீங்க சொல்லலியா?"

"சொன்னேன். மேடத்துட்ட கேளுங்கோன்னும் சொன்னேன். கேட்டாச்சு, அவிய ஒண்ணும் சொல்லல்லன்னு ஆப்பீசர் சொன்னாரு." பின்னால் இடி உருளுவது எனக்கும் கேட்டது. "சொன்னா மேடத்துக்கும் சோலி போவும்லா. எனக்கு வெளங்கும். இப்ப சொல்லுங்க, ஊரட்டா?"

"ஊருங்க அக்கா" என்றேன். போனை வைத்துவிட்டு, எல்லாரும் இருக்கும்போதே, மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் காலையில் அண்ணாச்சியிடம் சொன்னேன், ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று. "உனக்கென்ன கிறுக்கா? காண்ட்ராக்ட் போச்சுன்னா ஆறு பேருக்க சோத்துல மண்ணு" என்றார். "அந்த அக்காவுக்க சோத்துல நான் ரெண்டு தடவை மண்ணள்ளிப் போட்டாச்சு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

அதிகாரி முன்னால் உட்கார்ந்து, பழைய டீஃபால்ட்டை எடுத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு ரூட் என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் மனிதர்களைத் தெரியும். பைலை எடுத்துப் பழைய ரிப்போர்ட்டை என் பக்கம் திருப்பினார்.

"அப்ப இது?"

"அதுவும் என் தப்புதான் சார். சேவ் பண்ணாம வந்துட்டேன். அவங்க மேல எழுதிட்டேன்."

"ரெண்டுமே நீங்களா?"

"ஆமா சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மூணு நாளைக்கு முன்ன நான் உங்கள்ட்ட போன் பண்ணிக் கேட்டனே மேடம். சொன்னியளான்னு."

"கேட்டிய சார். நான் பதில் சொல்லல."

எழுதிக் கொடுங்கள் என்றார், இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். லில்லிபாயின் வேலை போகவில்லை. பைலில் இருந்து என் பழைய வரியும் அவள் எழுதிக் கொடுத்த காகிதமும் எடுக்கப்பட்டன. காண்ட்ராக்ட் எங்களிடமே இருந்தது, ஆனால் அந்த ஆஸ்பத்திரி வேலையில் நான் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். அண்ணாச்சி இரண்டு வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டவர் அவர்தான்.

வேலையைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன், நீங்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. ஒரு வழியை அழிக்கும் முன்னால், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பதில் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். மூன்று இடத்தில் சரியாக வந்தது என்று அடுத்த இடத்தில் பார்க்காமல் இருக்காதீர்கள். பார்த்து உறுதி செய்யும்வரை சேவ் செய்யாதீர்கள், உறுதி செய்தபின் சேவ் செய்யாமல் எழுந்திருக்காதீர்கள். ரிப்போர்ட் எழுதும்போது கடைசியாகத் தொட்ட கை யாருடையது என்று எழுதாதீர்கள். ஏன் கெட்டது என்று எழுதுங்கள். அந்தக் கடைசிக் கை பெரும்பாலும் துடைப்பம் பிடிக்கிற கையாகத்தான் இருக்கும், அதனால் நமக்கு வசதியாக இருக்கும்.

எனக்குப் பதில் அந்த வேலைக்கு வந்தவரோடு கடைசியாக ஒரு தடவை மலைப்பக்கத்துக் கிளினிக்குக்குப் போனேன். விட்டுப்போன ஸ்டாட்டிக் ரூட்டை அவர் எழுதினார், நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிறகு என் பழைய பேப்பரைக் கிழித்தேன். லில்லிபாய் கையில் கட்டஞ்சாயாவோடு நின்றுகொண்டிருந்தாள். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"அதெல்லாம் விடுங்க மேடம். பேப்பர கிழிச்சிட்டா எப்பிடி? நாளைக்கு வேற ஆளு வந்து என்னைய ஏசினா நான் என்ன செய்ய? வேற எழுதி ஒட்டுங்க."

"என்ன எழுத?"

அவள் யோசித்துத்தான் சொன்னாள். இடி வெட்டினால் லில்லிபாய் பிளக்கைக் கழற்றலாம். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒட்டப்போனேன்.

"நில்லுங்க" என்றாள். "யாரும் கேட்டா மேடம் சொன்னதுன்னும் எழுதுங்க. கீழ மேடத்துக்க போன் நம்பரையும் எழுதுங்க. கேட்டா, இந்தத் தடவை பதில் சொல்லணும்லா."

எழுதினேன். மேசைக்குப் போகாமல், சுவரில் வைத்தபடியே. அந்த இரண்டாவது வரியின் கோணலைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற பிறகு மகன் வேறு கம்பெனி சிம் வாங்கித் தருகிறேன், இந்த நம்பரை விட்டுவிடு என்று பலமுறை சொல்லிவிட்டான். வேண்டாம் என்று சொல்லி, பழைய நம்பரையே விடாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். வருடம் இத்தனை ஆகியும் அந்தப் பேப்பரைப் பார்த்து யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. போன வாரம்தான் முதல் தடவையாக மணி அடித்தது. நீ கேட்டாய் மக்கா. ஆமாம், நான் சொன்னதுதான்.